அடையாளத்துக்கு வைத்த கடிதம்

திகில் நாவல் வாசகர் என்றோர் இனம் நம்மிடையே நடமாடுகிறது. பார்வைக்குச் சாதாரண மனிதர்கள்தான். கூப்பிட்டுப் பாருங்கள், தெரிந்துவிடும். முதல் அழைப்புக்குப் பதில் வராது. இரண்டாவதற்கு ‘ம்’ வரும். மூன்றாவதற்கு, ‘இந்த ஒரு அத்தியாயம்’ என்று வரும். அந்த ஒரு அத்தியாயம் முடிவதற்குள் பால் பொங்கி வழிந்து, அடுப்பு அணைந்து, குழாயில் தண்ணீர் வந்து நின்று, கதவைத் தட்டியவர் தட்டி அலுத்துத் திரும்பியிருப்பார்.

என் அக்கா இதில் உயர்ந்த ரகம். தையல் கடையில் நாள் முழுக்கக் காலர் வைப்பவள். பாபினில் நூல் தீர்ந்தால் போதும், மாற்றுமுன் இரண்டு பக்கம். அவள் சம்பளத்தில் பட்டம் வாங்கிய நான், அதே பட்டத்தின் மிதப்பில், அதில் அப்படி என்னதான் இருக்கிறது என்று ஒருநாள் கேட்டேன்.

“யாரு செஞ்சான்னு கடைசில சொல்லிடுவாங்கடா. வேற எங்க சொல்றாங்க?”

நானோ வேலைக்கு நாற்பது விண்ணப்பம் போட்டு, ஒன்றுக்கும் பதில் வராதவன்.

நாற்பத்தொன்றாவதற்குப் பதில் வந்திருந்தது. அது எனக்குத் தெரியாது. நானாகப் போன் செய்து விசாரித்தபோதுதான் சொன்னார்கள்: நாளைக் காலை பத்து மணிக்கு நேர்முகத் தேர்வு, அனுப்பிய கடிதம் இல்லாமல் உள்ளே விடமாட்டோம். அக்காவைக் கேட்டேன். கதாநாயகி பூட்டிய அலமாரியைத் திறக்கும் நேரம் பார்த்துத் தபால்காரர் வந்தாராம். கையெழுத்துப் போட்டு வாங்கி, புத்தகத்தில் அடையாளத்துக்கு வைத்து, படிக்கப் படிக்கப் பின்னால் தள்ளி, முடித்த கையோடு கடிதத்தோடேயே வாடகை நூலகத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

நூலகத்துக்கு ஓடினோம். புத்தகம் பல் டாக்டரிடம் போயிருந்தது. அவர் கிளினிக்கில் ஒரு நோயாளி வாயைப் பிளந்தபடி சாய்ந்திருக்க, ஊசி போட்ட இடம் மரத்துப்போகும் இடைவெளியில் டாக்டர் படித்துக்கொண்டிருந்தார். என் கடிதத்தின் பின்பக்கத்தில் பென்சிலால் ஐந்து பேரின் பட்டியல். மூன்று பேரை அடித்திருந்தார்.

“சந்தேகத்துல இருக்கிறவங்க லிஸ்டும்மா. எழுதிக்கிட்டுத் தரேன். வாட்ச்மேன்தானே?”

நான் அக்காவின் காதில், “சொல்லித் தொலை, சீக்கிரம் கிளம்பலாம்” என்றேன்.

“அது பாவம்டா” என்றாள். தம்பியின் வேலையைத் தொலைத்தவள்தான். கொலைகாரனைக் காட்டிக்கொடுக்க மாட்டாள்.

டாக்டர் ஐந்து பெயர்களையும் மருந்துச் சீட்டில் நிதானமாக எழுதிக்கொண்டார். நோயாளி ஏதோ சொல்ல முயன்றார். யாருக்கும் புரியவில்லை.

மறுநாள் தேர்வு அறையில் மூன்று பேர். நடுவில் இருந்தவர் கடிதத்தைத் திருப்பினார். ஐந்து பெயர்களையும் படித்தார்.

“முடிச்சிட்டீங்களா?”

“இன்னும் படிக்கல சார்.”

“நல்லவேளை. நான் பாதியில இருக்கேன்” என்றவர், அதற்குப் பிறகுதான் என் படிப்பைப் பற்றிக் கேட்டார். முடிவைத் தபாலில் அனுப்புவார்களாம்.

அதுவரை சும்மா இருக்கலாமா? டாக்டர் திருப்பித் தந்ததும் நானே அந்தப் புத்தகத்தை வாடகைக்கு எடுத்தேன். நூற்றெண்பதாவது பக்கத்தில் இருக்கிறேன். காலையில் தபால்காரர் வந்ததாகவும், ‘ம்’ என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டு எதையோ வாங்கினேன் என்றும் அக்கா சொல்கிறாள். தேடவேண்டும். இந்த ஒரு அத்தியாயம் முடியட்டும்.

நீங்கள் அப்படியில்லை, தெரியும். இருந்தாலும், உங்கள் புத்தகத்தில் அடையாளத்துக்கு வைத்திருக்கும் காகிதத்தை ஒருமுறை பிரித்துப் பாருங்களேன்.