அத்தான் கழற்றிய தாழ்ப்பாள்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் என் வீட்டுக்காரியும் நலம். என் வலது கட்டைவிரல் மட்டும் நலமாக இல்லை, அதன் கதை கீழே வருகிறது. நீயும் மகனும் மருமகளும் நலமா என்று போனிலேயே கேட்டிருப்பேன். ஆனால் போன வாரத்திலிருந்து என் நம்பரைப் பார்த்தாலே நீ எடுப்பதில்லை. மருமகள் எடுத்து, "அத்தை தூங்கறாங்க மாமா" என்கிறாள். பின்னாலிருந்து உன் குரல், "நல்லாத் தூங்கறேன்னு சொல்லு" என்கிறது. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

உன் கோபம் நியாயமானதுதான். அத்தான் போன பிறகு நீ என்னிடம் கேட்ட முதல் உதவி அது. "அந்தக் குளியலறைக் கதவுக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் போட்டுக் குடுடா. உங்க அத்தான் கழட்டினதோட சரி, கடைசி வரைக்கும் திருப்பி மாட்டல. கேட்டா 'பார்த்துக்கலாம், பார்த்துக்கலாம்'னே நாளைக் கடத்தினார். மருமக இருக்கிற வீட்ல எப்படிடா குளிக்கிறது? நாங்க கடைசியா சண்டை போட்டதே இதுக்குத்தான்" என்றாய். சொல்லும்போதே உன் குரல் உடைந்தது. ஆளைக் கூப்பிடலாம் என்று மருமகள் சொன்னாள். நான்தான் மார்தட்டினேன். ரிட்டயர் ஆனதிலிருந்து என் வீட்டில் ஒரு ஆணியைக்கூட என்னை அடிக்க விடுவதில்லை, அந்த ஏக்கத்தையெல்லாம் உன் கதவில் காட்டப் புறப்பட்டேன். பரணிலிருந்து அத்தானின் பேட்டரி டிரில்லிங் மெஷினை இறக்கினேன். அதன் வாயில் ஸ்க்ரூ முனை அவர் விட்டபடியே இருந்தது. அதைக் கழற்றிவிட்டுத் துளை போடும் பிட்டை மாட்டினேன். அவ்வளவு தூரம் எனக்குத் தெரியும். கதவில் வைத்து அழுத்தினால் மெஷின் சுற்றுகிறது, ஊரையே கூட்டுகிறது, துளை மட்டும் விழவில்லை. இன்னும் அழுத்தினேன். புகை வந்தது. கரிந்த வாசனை எட்டிக் கீழ்வீட்டுக்காரர் ஒரு வாளித் தண்ணீரோடு ஓடி வந்து, என்ன ஏது என்று கேட்காமல் என் தலையில் கொட்டினார். கதவில் காசு அளவுக்கு ஒரு கறுப்பு வட்டம் விழுந்ததுதான் மிச்சம். சொட்டச் சொட்ட நின்ற எரிச்சலில் என் வாய் சும்மா இருக்கவில்லை. "அத்தானோட சேர்ந்து இதுவும் போயிடுச்சுக்கா, பழைய இரும்புக்குப் போட்டுடு" என்று சொல்லிவிட்டேன். நீ என்னை ஒரு பார்வை பார்த்தாய். "அவர் பொருள் கெடாது. உன் கைதான்டா சரியில்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போனவள் இன்னும் என்னிடம் பேசவில்லை.

அந்தப் பார்வைக்குப் பயந்துதான் மெஷினைச் சரிசெய்து காட்டுகிறேன் என்று இங்கே தூக்கி வந்தேன். முதலில் பேட்டரி மேல் சந்தேகம். ஒரு நாள் முழுக்கச் சார்ஜ் போட்டேன். புகை சீக்கிரம் வந்தது, அவ்வளவுதான். பிறகு பிட் மழுங்கியிருக்கும் என்று புதிது வாங்கப் போனேன். கடைக்காரர், "போன மாசம் குழாயை ரிப்பேர் பண்ணீங்க, இந்த மாசம் இதுவா சார்?" என்று துக்கம் விசாரித்தார். புது பிட்டும் தேய்த்ததே தவிர அறுக்கவில்லை. சரி, குடலையே பார்த்துவிடுவோம் என்று மெஷினைப் பிரித்தேன். ஒரு ஸ்ப்ரிங் துள்ளிக் கட்டிலுக்கு அடியில் போயிற்று, அதைத் தேடிப் போய்த் தலையை இடித்துக்கொண்டேன், திரும்ப மூடும்போது கட்டைவிரலை உள்ளே வைத்து மூடினேன். எல்லாம் முடிந்தபோது இரண்டு ஸ்க்ரூ மிச்சம். மிச்சம் வந்தும் மெஷின் ஓடியது, அத்தான் பார்த்து வாங்கிய பொருள் அப்படி. கடைசியில் நான் தோற்று, தெருமுனைத் தச்சரிடம் உன் விலாசத்தைக் கொடுத்துத் தாழ்ப்பாளைப் போட்டுவிடச் சொன்னேன். வியாழக்கிழமை போகிறேன் என்றார். எந்த வியாழன் என்பது அவருக்கே தெரியாது, ஆகவே அவரைப் பற்றிக் கவலை வேண்டாம்.

என் வீட்டுக்காரி இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தாள். "அது ஓட்டை போட வேணாம். இந்த நாற்காலி ஆடுது, அதையாவது முடுக்கிக் குடுங்க" என்றாள். பிட்டைக் கழற்றி ஸ்க்ரூ முனையை மாட்டி முடுக்கினேன். நாற்காலியின் கால் கையோடு வந்துவிட்டது. "முடுக்கச் சொன்னா கழட்டறீங்களே!" என்று அவள் கத்திய பிறகுதான் எனக்கு உறைத்தது. விசைக்கு மேலே ஒரு சின்னக் குமிழ் இருக்கிறது, அக்கா. ஒரு பக்கம் தள்ளினால் முடுக்கும், மறுபக்கம் தள்ளினால் கழற்றும். அது கழற்றும் பக்கத்தில் நின்றிருந்தது. பின்பக்கமாகச் சுற்றுகிற பிட் எந்த மரத்தில் துளை போடும்? நீ சொன்னதுதான் சரி. பொருள் கெடவில்லை, என் கைதான் சரியில்லை.

குமிழைத் தள்ளப் போன விரல் அப்படியே நின்றுவிட்டது. அத்தான் கடைசியாக எதையோ கழற்றியிருக்கிறார். உன் தாழ்ப்பாளைத்தான். கழற்றியவர் ஏன் மாட்டவில்லை? நான் துளை போடப் போன இடத்தில் பழைய ஓட்டைகளே இல்லை, அக்கா. பட்டி வைத்து அடைத்து, வழவழவென்று தேய்த்து, கதவின் நிறத்திலேயே பெயிண்ட் அடித்திருக்கிறார். தடவிப் பார்த்துத்தான் இடத்தையே கண்டுபிடித்தேன். திருப்பி மாட்ட நினைக்கிற மனுஷன் ஓட்டையை அடைப்பாரா? புது மாத்திரை ஆரம்பித்த புதிதில் நீ உள்ளே தலைசுற்றி விழுந்தாயே, நினைவிருக்கிறதா? உள்ளே தாழ்ப்பாள், வெளியே அத்தான். தட்டியிருக்கிறார், கத்தியிருக்கிறார், தோளால் மோதியிருக்கிறார். நீயாக எழுந்து திறந்து, "எதுக்கு இப்படி ஊரைக் கூட்டறீங்க?" என்று அவரைத் திட்டியதைச் சிரித்துச் சிரித்து எங்களிடம் சொன்னாய். அவர் சிரிக்கவில்லை, நான் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் தாழ்ப்பாள் காணாமல் போயிருக்கிறது.

என் ஊகம்தான் இது. ஆனால் அத்தானை எனக்கும் தெரியும். காரணத்தைச் சொல்லியிருந்தால் குளிக்கப் போகும்போதெல்லாம் உனக்குப் பயமும் கூடவே வந்திருக்கும். அதைவிடச் சோம்பேறி என்று பேர் வாங்குவது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. அந்தச் சண்டையை நினைத்து இனி அழாதே. அவர் மனதில் அது சண்டையாகவே இருந்திருக்காது. தாழ்ப்பாளும் வேண்டாம். உனக்கு இன்னும் தலைசுற்றல் விடவில்லை. குளிக்கும்போது கதவுக்கு வெளியே ஒரு துண்டைத் தொங்கவிடு, துண்டைப் பார்த்தால் யாரும் திறக்க மாட்டார்கள். நாங்களும் இங்கே மூன்று கால் நாற்காலியோடு சமாளித்துக்கொள்கிறோம். குமிழை நான் தள்ளவில்லை.

மகனுக்கும் மருமகளுக்கும் என் ஆசி. தண்ணீர் ஊற்றிய கீழ்வீட்டுக்காரருக்கு என் ஈரமான வணக்கம்.

உன் அன்புத் தம்பி

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகும்போது தச்சர் வாசலில் வந்து நிற்கிறார். இன்றைக்கு வியாழக்கிழமையாம். பிறந்ததிலிருந்து முதல் தடவையாகச் சொன்ன நாளில் போயிருக்கிறார். "உங்க அக்கா வீட்டுக் கதவுல போட்டாச்சு சார். வெளியேயிருந்து யானை முட்டினாலும் திறக்காது" என்கிறார். இனி தபாலை நம்ப முடியாது, அடுத்த பஸ்ஸில் நானே வருகிறேன். அதுவரை உன்னைக் குளிக்க விடாதே என்று மருமகளுக்குப் போன் பண்ணிவிட்டேன். இதை அவள் கையில் கொடுத்துவிட்டு வாசலில் நிற்பேன், படித்துவிட்டு என்னை உள்ளே விடு. மெஷினை ஸ்க்ரூ முனையோடு பையில் வைத்துவிட்டேன். குமிழ் அத்தான் வைத்த இடத்திலேயே இருக்கிறது.