மூன்று புள்ளி மாப்பிள்ளை

பொறுமை இல்லாத ஆட்கள் ஒரு வாக்கியத்தைக்கூட முழுசாக முடிக்க மாட்டார்கள். அதற்குள் அடுத்ததற்கு ஓடிவிடுவார்கள். நான் அந்த ரகம். (இதையும் நகத்தைக் கடித்துக்கொண்டேதான் எழுதுகிறேன்.)

வாட்ஸ்அப் வந்த பிறகு இந்த வியாதிக்கு ஒரு வசதி கிடைத்தது. எதை எழுதினாலும் கடைசியில் மூன்று புள்ளி வைத்துவிடுவேன். ‘பஸ்சு ஏறிட்டேன்...’ ‘சாப்ட்டாச்சு...’ ‘பல்லு வெளக்கிட்டேன்...’ அதில் ஏதோ ஆழம் இருப்பதாக நினைப்பு. பல் விளக்கியதில் என்ன ஆழம் என்று யாரும் கேட்கவில்லை.

அந்த நிலையில்தான் எனக்குப் பெண் பார்த்தார்கள். பெண் ரிஸ்வானா, போடியில் ஏலக்காய் வியாபாரியின் மகள். பார்த்துவிட்டு வந்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கட்டினால் இவளைத்தான் என்று மனசுக்குள் முடிவாகிவிட்டது. பெரியவர்களோ, “மாப்ள யோசிச்சு, அவரு வாயாலயே சொல்லட்டும்” என்று இரண்டு வீட்டாருக்கும் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்து, பதிலை அதில் போடச் சொன்னார்கள். மறுநாளே நான் போடிமெட்டுக்கு மேலே, வேலை பார்க்கும் ஏலக்காய் எஸ்டேட்டுக்குப் போகவேண்டியதாயிற்று. காய் எடுப்பு நேரத்தில் லீவு கேட்க முடியாது.

எஸ்டேட்டில் சிக்னல் கிடையாது. மெட்டுக்கு வந்து, ஒரு குறிப்பிட்ட வளைவில் ஜீப்பு மேல் ஏறி நின்றால் கிடைக்கும். ஏறினேன். ‘எனக்குப் பொண்ணைப் பிடிச்சிருக்கு...’ என்று தட்டி அனுப்பினேன்.

“வெரசா எறங்கு மாப்ளே, லோடு ஏத்தணும்” என்றார் ஜீப்பு ஓட்டும் செல்வம் அண்ணன். இறங்கிவிட்டேன்.

இங்கே ஒரு விஷயம் சொல்லவேண்டும். எங்கள் ஊரில் ஏலக்காய் வாங்க வருகிறவர் ஒரு கை அள்ளுவார், உள்ளங்கையில் உருட்டுவார், மோந்து பார்ப்பார். பிறகு, “காய் நல்லாத்தான் இருக்கு...” என்று இழுப்பார். இழுத்தால் சரக்கில் ஏதோ குறை கண்டுவிட்டார் என்று அர்த்தம். பிடித்திருந்தால் இழுக்கவே மாட்டார், பட்டென்று விலைக்கு வந்துவிடுவார். ரிஸ்வானாவின் அத்தா (எங்களில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) தலை நரைக்கும்வரை அந்த இழுப்பைக் கேட்டுக் கேட்டு நொந்தவர். என் மூன்று புள்ளியை அவர் கண்ணால் படிக்கவில்லை, காதால் கேட்டிருக்கிறார்.

சாயங்காலம் மறுபடியும் வளைவுக்கு ஓடினேன். குழுவில் அவருடைய பதில் இருந்தது. ‘எங்க பிள்ளைகிட்ட என்ன குறைன்னு நேராச் சொல்லிருங்க தம்பி.’

‘குறையெல்லாம் ஒண்ணும் இல்ல மாமா...’ என்று போட்டேன். (சொன்னால் விரல் கேட்கவேண்டுமே.)

‘இழுக்கும்போதே தெரியுதுல்ல’ என்று வந்தது.

புள்ளிதான் வில்லன் என்று அப்போதுதான் மண்டையில் உறைத்தது. உடனே புள்ளியைக் கைவிட்டேன். ‘சத்தியமாப் பிடிச்சிருக்கு!!!!! கல்யாணத்தை எப்ப வைக்கிறீங்க?????’ என்று அனுப்பினேன். அனுப்பிவிட்டுப் படித்துப் பார்த்தால், பெண்ணைப் பெற்றவரின் சட்டையைப் பிடித்து உலுக்குகிற மாதிரி இருந்தது. அவர் குழுவை விட்டு வெளியேறிவிட்டார்.

கல்யாணம் கையை விட்டுப் போகிறது, நான் மலை மேல் ஜீப்பு மேல் நிற்கிறேன். வேலையாட்களைக் கீழே போடியில் இறக்கிவிடப் புறப்பட்ட செல்வம் அண்ணனின் வண்டியிலேயே தொற்றிக்கொண்டேன். வளைவுக்கு வளைவு, “வெரசாப் போங்கண்ணே” என்றேன்.

“பறக்கவா சொல்ற? பேசாம உக்காரு” என்றார்.

பேசாமல் எப்படி உட்கார்வது? பின்னால் இருந்த காய் எடுக்கும் பெண்களிடம் முழுக்கதையையும் கொட்டினேன். அதில் ஓர் அக்கா, “அங்கிட்டுப் போயாவது ஒழுங்காப் பேசி முடி தம்பி” என்றார்.

ஜீப்பு நேராகப் பெண் வீட்டு வாசலில் போய் நின்றது. சட்டையெல்லாம் சேறு, கையெல்லாம் காய்ப் பிசின். அந்தக் கோலத்தில் குதித்து இறங்கினேன். ரிஸ்வானாவின் அத்தா வெளியே வந்தார்.

“மாமா, எனக்குப் பொண்ணைப் பிடிச்சிருக்கு” என்றேன். அதோடு மூச்சு வாங்கியது. வாயைத் திறந்தபடி நின்றேன். அவரும் மிச்சத்துக்காகக் காத்திருந்தார்.

“ம், பெறகு?”

“பெறகு ஒண்ணும் இல்ல மாமா. அம்புட்டுத்தான்.”

“ஆனா கீனான்னு எதுவும் வருதா?”

“வரல மாமா.”

“வராதுங்க. மெட்டுல இருந்து இதத்தான் கேட்டுக்கிட்டு வர்றோம்” என்றார் ஜீப்பிலிருந்து அந்த அக்கா.

உள்ளேயிருந்து ரிஸ்வானாவின் குரல் வந்தது. “அத்தா, அவரக் கையக் கழுவச் சொல்லுங்க. டீ போடுறேன்.” எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நிக்காஹ் அன்று என்னிடம் சம்மதம் கேட்டார்கள். “சம்மதம்” என்றேன். மாமனார் என் பக்கம் குனிந்து, “முடிஞ்சிருச்சா மாப்ளே, இன்னும் வருதா?” என்றார். மண்டபமே சிரித்தது. இன்றைக்கும் குழம்பு நல்லா இருக்கு என்று சொன்னால், அந்த வீட்டில் எல்லாரும் கையை நிறுத்திவிட்டு என் வாயைப் பார்ப்பார்கள்.

நான் மூன்று புள்ளியை விட்டுவிட்டேன். ரிஸ்வானா எப்போதுமே ஒரே புள்ளிதான்; அவள் அதை வைத்துவிட்டால் பேச்சு அதோடு முடிந்தது. நேற்று அதே வளைவில் ஜீப்பு மேல் நின்று, ‘சோலி நெறைய கெடக்கு, இன்னிக்கு மேலயே தங்கிக்கிறேன்’ என்று அவளுக்கு எழுதினேன்.

‘சரி.’ என்று பதில் வந்தது.

அந்தப் புள்ளியைப் பார்த்தேன். “அண்ணே, நானும் கீழ வர்றேன்” என்று ஜீப்புக்குள் ஏறிவிட்டேன்.