வடிகட்டி சாரும் வராத கடிதங்களும்

கறுப்புப் பட்டியல்காரர் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் அவரைப் பார்த்திருப்பீர்கள், பார்த்ததாக நினைவிருக்காது. அவர் வேலை ஒழுங்காக நடக்கும்போது எதுவுமே நடப்பதில்லை. எதுவும் நடக்காததற்கு யார் காரணம் என்று நாம் விசாரிப்பதில்லை அல்லவா?

நான் நெருங்கிப் பார்த்தவர் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையின் மின்னஞ்சல் சர்வரைக் காப்பவர். வடிகட்டி சார் என்பார்கள். பெற்றோர் வைத்த பெயர் வேறு. ஊழியர்கள் வைத்த இதுதான் நிலைத்தது. நடைபாதைக் கோடியில், கால் உடைந்த நாற்காலிகளை அடுக்கி வைத்த அறைக்குப் பக்கத்தில் அவர் அறை. சர்வருக்காகப் போட்ட குளிர்சாதனத்தில் வெயில் காலத்திலும் ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருப்பார். யார் உள்ளே வந்தாலும் "கதவு, கதவு" என்பார். வணக்கத்துக்குப் பதிலாக அவர் சொல்வது அதைத்தான். கல்யாணப் பத்திரிகை கொடுத்தால்கூட, மாப்பிள்ளை யார் என்று பார்ப்பதற்கு முன் உறையைத் திருப்பி, எங்கிருந்து வந்திருக்கிறது என்று பார்ப்பார்.

நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். அந்தத் தொழிற்சாலைக்கு வரும் மின்னஞ்சலில் பெரும்பகுதி குப்பை. வழுக்கையில் முடி முளைக்க மருந்து, படிக்காமலே பட்டம், கேள்விப்படாத நாட்டில் இறந்துபோன கேள்விப்படாத பெரியப்பாவின் சொத்து என்று ஓயாமல் வரும். கணக்குப் பிரிவு அம்மாள் ஒருவர் அந்தப் பெரியப்பாவுக்காக ஒரு நாள் உண்மையாகவே வருத்தப்பட்டார். இந்த வெள்ளத்துக்கு அணை போட்டு உட்கார்ந்திருக்கும் மனிதரை எளிதாகக் கேலி செய்துவிடக் கூடாது. கொஞ்சம் கஷ்டப்பட்டுத்தான் செய்ய வேண்டும்.

குப்பை அனுப்பிய சர்வரின் எண்ணைத் தன் கறுப்புப் பட்டியலில் போட்டுவிட்டால் அங்கிருந்து பிறகு எதுவும் உள்ளே வராது. அதோடு நின்றிருந்தால் அவர் வெறும் நல்ல ஊழியர். ஆனால் சர்வர்களின் எண்கள் தெருவில் வீடுகள் போல வரிசையாக இருப்பவை. ஒரு வீட்டிலிருந்து குப்பை வந்தால் வடிகட்டி சார் தெருவையே சாத்திவிடுவார். "ஒரு எலி கண்ணுல பட்டா ஒம்பது எலி ஒளிஞ்சிருக்குன்னு அர்த்தம்" என்பார். ஒளிந்திருக்கும் ஒன்பதும் எலிதானா, அந்த வீட்டில் குடியிருக்கும் மனிதர்களா? அந்த ஆராய்ச்சிக்கு அவருக்கு நேரமில்லை.

இல்லாத ஒன்றை எப்படி அறிவது என்பது தத்துவத்தில் ஒரு பழைய சிக்கல். வடிகட்டி சார் அதைத் திங்கட்கிழமைதோறும் தீர்த்துவைப்பார். வாராந்தரக் கூட்டத்தில் எழுந்து, தடுத்தவை இத்தனை ஆயிரம், புகார் ஒன்றுமில்லை என்பார். மேலாளர் தலையசைப்பார். புகார் செய்ய வேண்டியவர்கள் யார்? தடுக்கப்பட்டவர்கள். எந்த வழியாகச் செய்ய வேண்டும்? மின்னஞ்சல் வழியாக. மேலாளர் இதை யோசித்திருப்பார். அதற்குள் தேநீர் வந்துவிடும்.

இப்படி இருக்கையில் பேக்கிங் இயந்திரத்தில் ஒரு பல்சக்கரம் உடைந்தது. இயந்திரம் பழையது, அந்தச் சக்கரத்தை வெட்டித் தரக்கூடியவர் பக்கத்து ஊர்ப் பட்டறைக்காரர் ஒருவர்தான். அவர் வந்து அளவெடுத்துப் போனார். வரைபடம் அனுப்புவார்; உதிரிபாகங்களைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டோர்ஸ் அக்கா பார்த்துச் சரி என்ற பிறகே இரும்பில் கை வைப்பார். வரைபடம் அலுவலக மின்னஞ்சலில்தான் வரவேண்டும், கைப்பேசியில் வந்தால் செல்லாது என்று ஒரு விதி. விதியை எழுதியது யார் என்று கேட்கிறீர்களா? வடிகட்டி சாரேதான். வெள்ளிக்குள் சக்கரம் வராவிட்டால் வெள்ளியிலிருந்து இரண்டாம் ஷிஃப்ட் பெண்கள் சம்பளமில்லாமல் வீட்டிலிருக்க வேண்டும் என்று அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டியாகிவிட்டது.

ஸ்டோர்ஸ் அக்கா வடிகட்டி சாரின் அறைக்குப் போனார்.

"கதவு, கதவு."

"சாத்தியாச்சு. தம்பி, பட்டறைக்காரர் வரைபடம் அனுப்பிட்டேங்கறாரு. இங்க ஒண்ணும் காணோம்."

"வரலன்னா அனுப்பலக்கா."

"போன்ல சத்தியம் பண்றாரு."

"போன்ல யார் வேணா பண்ணலாம். சர்வர் பொய் சொல்லாது."

"சர்வர் சொல்லாது. அத மேய்க்கறவங்க?"

வடிகட்டி சார் சிரித்தார். பெருந்தன்மை உள்ளவர். "இன்னொரு தடவ அனுப்பச் சொல்லுங்க."

"மூணு தடவ அனுப்பியாச்சாம்."

"பாத்தீங்களா? ஒரே மெயில திரும்பத் திரும்ப அனுப்பறான். குப்ப போடறவன் அதத்தான பண்ணுவான்."

அங்கே பட்டறைக்காரருக்கு ஒவ்வொரு முறையும் தொழிற்சாலை சர்வரிலிருந்து ஒரு பதில் வந்துகொண்டுதான் இருந்தது. முதலில் ரசீது என்று நினைத்துவிட்டார். மகளிடம் காட்டியபோதுதான் விவரம் தெரிந்தது: தங்கள் அஞ்சல் ஏற்கப்படவில்லை, இது தவறு என்று கருதினால் கீழ்க்கண்ட முகவரிக்கு எழுதவும். எழுதினார். அந்த முகவரியும் அதே சர்வரில், அதே கதவுக்குப் பின்னால் இருந்தது. ஆகவே அதே பதில் வந்தது. கதவைத் திறக்க வேண்டுபவர்கள் உள்ளே வந்து விண்ணப்பிக்கவும் என்று வெளியே பலகை மாட்டியிருந்தார் வடிகட்டி சார். மாட்டிய நாளிலிருந்து ஒருவரும் விண்ணப்பிக்கவில்லை என்பதில் அவருக்கு ஒரு நிறைவு.

வியாழக்கிழமை பட்டறைக்காரர் வரைபடத்தை அச்செடுத்துச் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறி நேரிலேயே வந்துவிட்டார். அக்கா அவரைக் கையோடு வடிகட்டி சாரிடம் அழைத்துப் போனார். வடிகட்டி சார் திரையில் தேடினார். பட்டியலில் அவர் எண் இருந்தது, தெருவோடு இருந்தது.

"உங்க மேல தப்பில்ல," என்றார், ஆறுதலாக. "உங்க அக்கம்பக்கம் சரியில்ல. உங்க வரிசையிலேருந்து ஒருத்தன் முடி வளர மருந்து அனுப்பறான்."

பட்டறைக்காரர் வழுக்கையைத் தடவிக்கொண்டார். "எனக்கு அனுப்பலையே சார்."

"விஷயம் அது இல்ல."

"அவன் யாருன்னே எனக்குத் தெரியாது."

"அதத்தான் சொல்றேன். பக்கத்துல யார் இருக்கான்னு பாத்துல்ல இடம் பிடிக்கணும்?"

"மெயிலுக்கு இடம் என் மாப்பிள்ளதான் எங்கயோ மலிவா பிடிச்சுக் குடுத்தாரு. நான் இரும்பு வெட்டறவன் சார்."

"தம்பி," என்றார் அக்கா, "நாளைக்கு வெள்ளிக்கிழம. இவரு பக்கத்து வீட்டுக்காரன அப்புறமா திருத்திக்கலாம். இப்ப இவர உள்ள விடு."

வடிகட்டி சார் அந்த ஓர் எண்ணை மட்டும் விடுவித்தார். பட்டறைக்காரர் நின்ற இடத்திலிருந்தே, கைப்பேசி வழியாகத் தன் மின்னஞ்சலைத் திறந்து வரைபடத்தை மறுபடி அனுப்பினார். திரையில் வந்து விழுந்தது. அக்கா அளவுகளைச் சரிபார்த்தார்.

பட்டறைக்காரர் புறப்படும்போது கதவருகே நின்றார். "எங்க வரிசையில மொத்தம் எத்தன பேரு சார் இருப்போம்?"

"இருநூறுக்கு மேல இருக்கும்."

"அவங்களுக்கும் திறந்துட்டீங்களா?"

"அவங்க யாரும் வந்து கேக்கலையே."

சக்கரம் சனிக்கிழமை மாலைதான் வந்தது. இரண்டாம் ஷிஃப்ட் பெண்களுக்கு இரண்டு நாள் சம்பளம் போயிற்று. திங்கட்கிழமைக் கூட்டத்தில் வடிகட்டி சார் எழுந்து, புகார் ஒன்றுமில்லை என்றார். அவர் பொய் சொல்லவில்லை. மின்னஞ்சலில் ஒன்றும் வந்திருக்கவில்லை.

உங்களிடம் சர்வர் இல்லை; தெரியும். கைப்பேசி இருக்கிறது. சித்தப்பா பேசிய ஒரு பேச்சுக்காக அந்த வீட்டு எண்கள் அத்தனையையும் அதில் தடுத்து வைத்திருக்கிறீர்கள். சித்தியின் எண்ணும் அதில் சேர்த்தி. பேச்சு நடந்தபோது அவர் சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். "இத்தன நாள்ல அங்கேருந்து ஒருத்தராவது ஒரு வார்த்த சொன்னாங்களா?" என்று நீங்கள் அடுத்தவரிடம் கேட்கிறீர்கள், அவரும் இல்லை என்கிறார். சித்தி பஸ் ஏறி வந்து விளக்கம் சொல்வார் என்று காத்திருக்க வேண்டாம். எல்லோரிடமும் வெள்ளிக்குள் கொடுத்தாக வேண்டிய பல்சக்கரம் இருப்பதில்லை.