முன்னால் நிற்க ஒரு ஆள்

மனித குலம் இதுவரை நடத்திய விவாதங்களிலேயே மகத்தானது எங்கள் போர்ட் ஹார்லன் நகரத்தில், ஆண்டுதோறும் ஜனவரி தொடங்கி ஏப்ரல் முடிய, அடியேனுடைய வானொலி நிகழ்ச்சியில் நடைபெறுகிறது என்பதை மிகுந்த அடக்கத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். கடவுள் உண்டா இல்லையா என்பதைக்கூட எங்கள் ஊரில் ஞாயிறு காலை ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார்கள். ஸ்டர்ஜன்ஸ் அணி முதலில் எந்த இடத்துக்கு ஆள் எடுக்க வேண்டும் என்ற கேள்விக்கோ நான்கு மாதம் போதுவதில்லை.

ஸ்டர்ஜன் என்பது எங்கள் ஏரியின் அடியில் கிடக்கும் மீன். அதன் பெயரை வைத்துக்கொண்ட, பந்தைக் கையால் வீசி ஆடும் அமெரிக்கக் கால்பந்து அணியும் பெயருக்குத் துரோகம் செய்யாமல் லீக்கின் அடியிலேயே கிடக்கிறது. இதில் வருந்த ஒன்றுமில்லை. இந்த நாட்டுக் கால்பந்தில் ஓர் அரிய நீதி உண்டு. கல்லூரிகளிலிருந்து புதிதாக வரும் வாலிபர்களில் முதல் ஆளைப் பொறுக்கிக்கொள்ளும் உரிமை, கடைசி இடம் பிடித்த அணிக்குத்தான். மற்ற ஊர்கள் ஜெயித்துக் கோப்பை வாங்குகின்றன. நாங்கள் தோற்று உரிமை வாங்குகிறோம். கோப்பையைத் துடைத்து வைக்க ஆள் வேண்டும். உரிமைக்கு அந்தச் செலவும் இல்லை.

விவாதத்தில் இரண்டு கட்சி. முதல் கட்சி, பந்து வீசுகிற குவார்ட்டர்பேக்கை எடுக்கச் சொல்லும். இரண்டாம் கட்சி, அவனுக்கு முன்னால் நின்று எதிரணித் தடியர்கள் அவன்மேல் விழாதபடி மறிக்கிற தடுப்புக்காரனை எடுக்கச் சொல்லும். முதல் கட்சியில் ஊர் முழுக்க இருந்தது. இரண்டாம் கட்சியில் ஒரே ஒரு பெண்மணி இருந்தார். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் அறிவாளிகளைப் பார்த்துவிடுவோம்.

என்னோடு நிகழ்ச்சி நடத்தும் டிரென்ட் ஒரு புள்ளிவிவர மேதை. தன் கல்யாணத்துக்குப் பெண்ணைக்கூட வரைபடம் போட்டுத்தான் தேர்ந்தெடுத்தான். அந்தப் பெண் வரைபடம் போடாமலே விட்டுப் போய்விட்டாள். அவன் இந்த விவாதத்தை ஜனவரியிலேயே விஞ்ஞான அடிப்படைக்குக் கொண்டு வந்துவிட்டான்.

"கோர்டி அண்ணே, குவார்ட்டர்பேக் எவ்வளவு தூரம் வீசினான், எத்தன தடவ விழுந்தான், எல்லாத்துக்கும் எங்கிட்ட கணக்கு இருக்கு. தடுப்புக்காரன் ஒழுங்கா வேலை செஞ்சா என்ன நடக்கும், சொல்லுங்க?"

"என்ன நடக்கும்?"

"ஒண்ணும் நடக்காது."

"அதுக்குத்தானப்பா அவன நிறுத்துறது?"

"ஒண்ணும் நடக்காதத எப்பிடிண்ணே அளக்குறது? கம்ப்யூட்டர்ல போட்டா சைபர்னு வருது. ஒரு சைபருக்குப் போயி முதல் தேர்வ வீணடிக்கச் சொல்றீங்களா?"

யோசித்துப் பார்த்தால், மைதானத்தில் தடுப்புக்காரனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதே அவன் தப்புச் செய்யும்போதுதான். நடுவர் ஒலிபெருக்கியில், "எழுபத்திரண்டாம் எண், எதிராளியின் சட்டையைப் பிடித்து இழுத்தார்" என்பார். ஆகவே எங்கள் ஊருக்குத் தெரிந்த தடுப்புக்காரர்கள் அத்தனை பேரும் குற்றவாளிகள். கார் கழுவும் கடை வைத்திருக்கும் ஸ்டான் தொலைபேசியில் வந்து இதைக் குடும்பக் கோணத்திலிருந்து அணுகினார்.

"அண்ணே, எம் பொண்ணு பொறந்தநாளுக்குத் தடுப்புக்காரன் பேரு போட்ட ஜெர்சி வாங்கிக் குடுத்தா, அவ எங்கூட பேசுவாளா?"

"பேச மாட்டா."

"அவ்ளோதாண்ணே. நான் வைக்கிறேன்."

இந்தச் சமயத்தில் எங்கள் அணியில் ஏற்கெனவே ஒரு குவார்ட்டர்பேக் இருந்தான். கார்பின் ஹாஸ்கெல் என்று பெயர். கென்டக்கிக்காரன். இருபத்து நான்கு வயது. போன வருடம் முதல் தேர்வாக வந்த "ரட்சகன்". அவன் வந்து இறங்கிய அன்று அவன் பெயரில் ஒரு சாண்ட்விச்சே விற்றார்கள். அவனுக்கு முந்தைய ரட்சகர் இப்போது ஃப்ளோரிடாவில் படகு விற்கிறார். பத்திரங்களில் இடது கையால் கையெழுத்துப் போடுகிறார். கார்பின் அந்த வகையில் பாக்கியசாலி. தோள்பட்டை எலும்பு, இரண்டு விலா, கடைசியாகக் கழுத்து, அவ்வளவுதான். டிசம்பரில் அவனைச் சக்கரக் கட்டிலில் படுக்கவைத்து மைதானத்திலிருந்து தள்ளிக்கொண்டு போனபோது எழுபதாயிரம் பேர் எழுந்து நின்று கைதட்டினோம். எங்கள் ஊர் நன்றி மறவாத ஊர்.

அந்த ஒற்றைப் பெண்மணி பிப்ரவரியில் பேச வந்தார்.

"மொதல் தடவையா கூப்பிடுறேன் சார். ரொம்ப நாளா கேக்குறேன். எம் பேரு மார்லின். மேற்குத் தெருவுல இருந்து பேசுறேன்."

"சொல்லுங்கம்மா, யாரை எடுக்கலாம்?"

"தடுப்புக்காரன. நான் வீடு வித்துக் குடுக்குற தொழில்ல இருக்கேன் சார். உங்க வீட்டுல கூரை ஒழுகுது. நீங்க வருஷா வருஷம் நனைஞ்ச மெத்தையத் தூக்கிப் போட்டுட்டுப் புது மெத்தை வாங்கிட்டு இருக்கீங்க. மேல ஏறிக் கூரையப் பாக்குற ஆளு ஒருத்தரும் இல்லையா ஊர்ல?"

"நல்லா சொன்னீங்க. மெத்தைக் கம்பெனி பேர் மட்டும் சொல்லிராதீங்க, விளம்பரதாரர் கோவிச்சுக்குவாரு."

"அந்தப் பையனுக்கு ராத்திரி இடது பக்கம் திரும்பிப் படுக்க முடியல சார்! தலகாணிய மடிச்சு முதுகுக்கு முட்டுக் குடுத்துத்தான் தூங்குறான்."

மேற்குத் தெருவில் யாருக்கும் கென்டக்கி மாநிலத்துப் பேச்சு இழுவை கிடையாது. கார்பின் ஹாஸ்கெல் எந்தப் பக்கம் திரும்பிப் படுக்கிறான் என்பதும் மேற்குத் தெருவுக்குத் தெரிய நியாயமில்லை. பேசியது அவன் அம்மா லோரெய்ன் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. பத்திரிகை தர்மத்தை முன்னிட்டு வெளியில் சொல்லவில்லை. தவிர, அவர் பேசிவிட்டு வைத்தால் அவரைத் திட்டுவதற்கென்றே பத்துப் பேர் வரிசையில் நின்றார்கள். இப்படிப்பட்ட நேயரை எந்த நிகழ்ச்சி இழக்கும்?

அடுத்த வாரம் அவர் கிழக்குத் தெருவிலிருந்து பெட்டி என்ற பெயரில் வந்தார். அதற்கடுத்த வாரம் துறைமுகத்துப் பக்கத்து ஜோன். குரலை மாற்றப் பாடுபடுவார். கோபம் வந்ததும் கென்டக்கி வந்துவிடும். ஒருமுறை டிரென்ட் அவரிடம், "தடுப்புக்காரன் எடுத்தா எத்தன ஆட்டம் கூடுதலா ஜெயிப்போம்? நம்பர் சொல்லுங்க மேடம்" என்று கேட்டான்.

"நம்பர் தெரியாதுப்பா. ஒரு பையன் நடந்து வீட்டுக்கு வருவான். ஒண்ணு. போட்டுக்கோ, ஒண்ணு!"

டிரென்ட் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றப் பார்த்தான். அதற்குரிய இடம் அதில் இல்லை.

மார்ச்சில் அணியின் பொது மேலாளர் விட்லாக் நேரில் எழுந்தருளினார். பதவிக்கு வந்து ஆறு வருடமாகத் தோற்றுவருபவர். தோற்கத் தோற்க அவருடைய சூட்டின் தரம் உயர்ந்துகொண்டே வருவதை நான் கவனித்து வியந்திருக்கிறேன். அன்று அவர் எங்களுக்குத் "தேவைக் கோட்பாடு" என்பதை அறிமுகம் செய்தார்.

"நாங்க உணர்ச்சிவசப்பட மாட்டோம், கோர்டி. எந்த இடம் காலியா இருக்குன்னு பாப்போம். அந்த இடத்துக்கு ஆள் எடுப்போம். அவ்வளவுதான்."

"இப்ப எந்த இடம் காலி?"

"குவார்ட்டர்பேக். கார்பினுக்குக் கழுத்துல அடி."

"போன தடவ?"

"அப்பவும் குவார்ட்டர்பேக்தான். கார்பினுக்கு முந்தினவருக்குத் தோள் போச்சுல்ல."

"அதுக்கு முந்தி?"

"ஆச்சரியமா இருக்கு பாருங்க, அப்பவும் அதே இடந்தான் காலி. தடுப்புக்காரங்க அஞ்சு பேரும் நல்லா ஆரோக்கியமா இருக்காங்க. ஒருத்தன் மேலயும் ஒரு கீறல் இல்ல!"

அந்த ஐவரும் எதிரி வரும்போது வழிவிட்டு நிற்கும் பண்பாளர்கள். கீறல் எப்படி விழும்? துறைமுகத்து ஜோன் அப்போது இணைப்பில் வந்தார். வழக்கமான முகமன்கூட இல்லை.

"மேனேஜர் சார், வெளி டாக்டர் என்ன சொன்னாருன்னு உங்களுக்குத் தெரியும். பின்னாலேர்ந்து இன்னொரு அடி விழுந்தா அந்தப் பையன் கை கால் அசைக்க முடியாமப் போயிடலாம்னு சொன்னாரா இல்லையா?"

"அம்மா, அது ஒருத்தரோட தனிப்பட்ட மருத்துவ விவரம். உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"ஊர்ல பேசிக்கிறாங்க" என்றார்.

"அந்தக் கருத்த நாங்க ரொம்ப மதிக்கிறோம்மா. அதனாலதான் அந்த இடத்தக் காலின்னு முடிவு பண்ணிட்டோம்."

இதைவிடப் பெரிய மரியாதையை ஒரு மருத்துவருக்கு யாரும் செய்ய முடியாது. அன்று நேயர்கள் வாக்கெடுப்பில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேர் குவார்ட்டர்பேக் என்றார்கள். மிச்சம் நான்கில் பாதியாவது கென்டக்கியிலிருந்து வந்திருக்கும் என்பது என் ஊகம்.

ஏப்ரல் கடைசியில் முதல் தேர்வு அறிவிக்கப்பட்ட மாலை, ஏரிக்கரைத் திடலில் பெரிய திரை கட்டி, பீரும் வறுத்த மீனுமாக ஊரே கூடியது. எங்கள் ஆட்டங்களுக்குக்கூட அவ்வளவு கூட்டம் வராது. ஆட்டத்தில் தோற்றுவிடுவோம், இதில் தோற்க வழியில்லை. டெக்சஸிலிருந்து டானர் வோஸ் என்ற இருபத்தோரு வயது குவார்ட்டர்பேக்கின் பெயர் திரையில் வந்ததும் பெரியவர்கள் அழுதார்கள். மறுநாள் விடிவதற்குள் சாண்ட்விச்சின் பெயரை மாற்றிவிட்டார்கள். உள்ளே இருந்த கறி பழையதுதான்.

மறுநாள் காலை விட்லாக் தொலைபேசியில் வந்தார். அந்தக் குரலில் புது மாப்பிள்ளையின் தகப்பனாருடைய பூரிப்பு இருந்தது. நான் வழக்கமான கேள்வியைக் கேட்டேன். "வோஸ் முதல் ஆட்டத்துலயே இறங்குறாரா?"

"என்ன கோர்டி இப்பிடிக் கேட்டுட்டீங்க? அந்தத் தடுப்பு வரிசைக்குப் பின்னால இப்பேர்ப்பட்ட சொத்தக் கொண்டுபோய் நிறுத்துவாங்களா? உயிருக்கு உத்தரவாதம் உண்டா? பாதி சீசன் அவர் ஓரமா உக்காந்து பாத்துக் கத்துக்குவாரு. அதுவரைக்கும் கார்பின் ஆடுவான்."

"கழுத்து?"

"நம்ம அணி டாக்டர் பாத்துட்டாரு. அவருக்கு ஒண்ணும் தெரியலையாம்."

தொலைபேசியில் சிவப்பு விளக்கு எரிந்தது. இந்தமுறை தெருப்பெயர் எதுவும் இல்லை.

"எம் பேரு லோரெய்ன் ஹாஸ்கெல். கார்பினோட அம்மா."

டிரென்ட் நாற்காலியோடு பின்னால் போனான். மூன்று மாதம் அந்தக் குரலோடு பேசியும் அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. மேதைகள் அப்படித்தான்.

"புதுப் பையன எடுத்தப்ப நேத்து நான் கும்பிட்டேன், சார். கோர்டி சார், உங்ககிட்ட பொய் சொல்ல மாட்டேன், சந்தோஷத்துல அழுதேன். வேலை போனாப் போவுது, புள்ள தப்பிச்சான்னு. இப்ப அவன் போன் பண்றான். 'அம்மா, என்னையே ஆட விடுறாங்கம்மா'ங்கிறான். குதிக்கிறான். அந்தக் கழுத்த வச்சுக்கிட்டுக் குதிக்கிறான்! வேணாம்டான்னு சொன்னா எம்மேல எரிஞ்சு விழுறான். மேனேஜர் சார், அந்த வோஸ் பையன் அடிபடக் கூடாது. சரி. அவனும் ஒருத்தி பெத்த புள்ளதான். அப்ப அவனுக்கு விழ வேண்டிய அடியெல்லாம் யாரு மேல விழும்?"

விட்லாக் பதறவில்லை. பெரிய பதவியில் இருப்பவர்களின் நிதானமே தனி.

"அம்மா, நீங்க இத்தன நாளா ஒரு கோரிக்கை வச்சுட்டு வந்தீங்கன்னு இப்பத்தான் புரியுது. குவார்ட்டர்பேக்குக்கு முன்னால ஒரு நல்ல தடுப்புக்காரன் வேணும்னு. நாங்க நேயர்கள் சொல்றத ஒதுக்குறவங்க இல்லம்மா. நிறுத்திட்டோம். உங்க பையனத்தான்."

எங்கள் ஊரின் நான்கு மாத விவாதம் இவ்வாறாக இரு கட்சிக்கும் வெற்றியாக முடிந்தது. குவார்ட்டர்பேக்கும் கிடைத்தான், அவனைக் காக்கும் தடுப்புக்காரனும் கிடைத்தான், அதுவும் ஒரே தேர்வில். லோரெய்ன் அம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்தார். விளம்பர நேரம் வந்துவிட்டதால் இணைப்பைத் துண்டிக்க வேண்டியதாயிற்று.

விளம்பரம் முடிந்ததும் முதலில் வந்தவர் கார் கழுவும் ஸ்டான். "அண்ணே, ஒரு யோசனை. கார்பின் எத்தனாவது வாரம் விழுவான்னு ஒரு போட்டி வைப்பமா? ஜெயிச்சவங்களுக்கு வோஸ் ஜெர்சி."

வைத்தோம். ஊரே கலந்துகொண்டது. பள்ளிக்கூடம், தீயணைப்பு நிலையம், மாதா கோவில் இளைஞர் சங்கம், எல்லாம். டிரென்ட் ஆறாவது வாரம் என்று விஞ்ஞானபூர்வமாகச் சொல்லியிருக்கிறான். நான் நான்கு என்று சொல்லியிருக்கிறேன்.

கடைசி நாள், நேரம் முடிகிற தறுவாயில், கென்டக்கியிலிருந்து ஒரு அழைப்பு வந்தது. பேர் பதிய வேண்டும் என்றார் அந்த அம்மாள். எந்த வாரம் என்று கேட்டேன்.

"எந்த வாரமும் இல்ல சார். அவன் விழ மாட்டான்னு எழுதிக்கோங்க."

போட்டி விதிகளில் அப்படி ஒரு விடைக்கு இடமில்லை. தகுதியற்றது என்று நிராகரித்துவிட்டோம்.