நாறாத வார்த்தை

“குடிக்கிற தண்ணிதானே சார் கொண்டு வருவீங்க?”

போனில் ஒரு பெண் லாரிக்காரரைக் கேட்டாள். கல்யாணம் ஆவதற்கு முன்பிருந்தே அவருடைய லாரி ஏற்றியதும் இறக்கியதும் ஒரே சரக்குதான். அதைக் குடிக்கலாமா என்று இதுவரை யாரும் விசாரித்ததில்லை.

“எங்க லாரிப் பக்கம் வந்து மூச்சுகூட விட முடியாதும்மா,” என்றார்.

“அவ்ளோ சுத்தமா வச்சிருக்கீங்களா? அப்ப ரெண்டு லோடு அனுப்புங்க. வீட்ல பிறந்தநாள் பார்ட்டி.”

அவர் போனை அணைத்துவிட்டு எதிரே உட்கார்ந்திருந்த மச்சானைப் பார்த்தார். மச்சானுக்கு, அதாவது அவர் மனைவியின் தம்பிக்கு, டிக்கெட் பதிவு செய்யும் ஆபீசில் வேலை. நாள் முழுக்கக் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்காருகிறவன் என்பதால் குடும்பத்தில் அவன்தான் கம்ப்யூட்டர் மேதை.

“என்னடா போட்டு வச்சிருக்க வெப்சைட்டுல?”

“நீர் மேலாண்மை நிறுவனம்னு போட்டிருக்கேன் மாமா. நாலு பேர் தேடிக்கிட்டு வர்றாங்க பாத்தீங்களா?”

“நாலு பேரும் தாகத்தோட வர்றாங்கடா.”

லாரிக்காரரின் தொழில் செப்டிக் டேங்க் உறிஞ்சுவது. வீட்டுக்குப் பின்னால் மூடியைத் திறந்து, குழாயை விட்டு, பம்பைப் போட்டு, நிறைந்ததைக் காலியாக்கிக் கொண்டு போவது. இதில் மூடி மறைக்க ஒன்றுமில்லை. ஊரில் எல்லாரும் போவதைத்தான் அவர் அள்ளினார். அந்தக் காசில்தான் வீடு கட்டினார், மகளைப் படிக்க வைத்தார்.

வெப்சைட்டை முதலில் செய்தது மகள்தான். டைல்ஸ் கடையில் கணக்கு பார்க்கிறவள், வாயும் அப்பனைப் போலத்தான். தேடுகிறவர்கள் கண்ணில் அவர் படுவதற்காக அவள் போட்ட வார்த்தைகள் ‘செப்டிக் டேங்க் வழியுது’, ‘கக்கூஸ்ல தண்ணி எறங்கல’ என்றிருந்தன. “ஒரு கையால மூக்கைப் பொத்திக்கிட்டு இன்னொரு கையால என்ன தட்டுவாங்களோ, அதாம்பா வார்த்தை,” என்றாள். அன்றைக்கு அடிக்க ஆரம்பித்த போன் ஓயவே இல்லை.

வினை மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியதும் வந்தது. வந்த இரண்டு இடமும் சிரிக்கச் சிரிக்கப் பேசிவிட்டுப் போய், வீட்டில் உட்கார்ந்து பெண்ணின் அப்பா பெயரைத் தட்டித் தேடிப் பார்த்தார்கள். அதற்கப்புறம் மூச்சுப் பேச்சில்லை. மூன்றாவதாக வரப்போவது பெரிய இடம். மூன்று மாடியில் பெண்கள் விடுதி நடத்துகிறவர்கள். மகளுக்கும் பையனின் போட்டோ பிடித்திருந்தது. “கொஞ்சம் அசடு மாதிரி சிரிக்கிறான். பரவால்ல, நல்லாருக்கான்,” என்றாள்.

மனைவி அன்றே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். “ஞாயித்துக்கெழமை அவங்க வர்றதுக்குள்ள அந்த வெப்சைட்டைக் கழுவி விடுங்க. பேரைத் தட்டினா நாறாத வார்த்தையா வரணும்.”

அப்படித்தான் மச்சான் உள்ளே வந்தான்.

தண்ணீர் லாரி கேட்டு வந்த போன்களில் களைத்துப்போன மறுநாள், அவன் வார்த்தையை மாற்றினான். “இனிமே சுற்றுச்சூழல் சேவை. தண்ணிங்கிற பேச்சே இல்ல.”

“டேங்க் பொங்குறவன் எவனாவது சுற்றுச்சூழல்னு தேடுவானா மாமா?” என்றாள் மகள்.

“நீ சும்மா இரு. எல்லாம் உனக்காகத்தான்.”

சாயங்காலம் ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து டீச்சர் பேசினார். சுற்றுச்சூழலுக்கு இத்தனை வருஷம் உழைத்தவர் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை சொல்ல வேண்டுமாம். லாரிக்காரருக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

“வெறுமனே பேசினா பசங்க தூங்கிடுவாங்க சார். நீங்க செய்யறதை அவங்க முன்னாலயே செஞ்சு காட்டணும்.”

“முன்னாலயேவா?”

“வரும்போது கையில கொஞ்சம் சாம்பிளும் கொண்டு வாங்க. பசங்க தொட்டுப் பாத்தாத்தான் மனசுல நிக்கும்.”

“நிக்கும்மா,” என்றார் லாரிக்காரர். “சாகிற வரைக்கும் நிக்கும்.”

மச்சான் மறுபடி யோசித்தான். இந்தத் தடவை அவனுக்கு ஞானமே பிறந்துவிட்டது. “மாமா, நாம விக்கிறது என்ன? டேங்க் காலியானதும் அந்த வீட்ல என்ன வருது? நிம்மதி. அதைப் போடுவோம். குடும்ப நிம்மதிக்கு அழையுங்கள்.”

காலையில் முதல் போன் வந்தது. குரல் அழாத குறை.

“சார், எங்க வீட்ல பிரச்சினை முத்திப்போச்சு சார்.”

லாரிக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கடைசியில் ஒரு வாடிக்கையாளர். “வழிய ஆரம்பிச்சிடுச்சா?”

“வழிஞ்சு தெருவுக்கே தெரிஞ்சுபோச்சு சார்.”

“எத்தனை வருஷமாச்சு?”

“ஆறு வருஷம்.”

“ஆறு வருஷமா ஒருதரம்கூட எடுக்கலையா? என்ன மனுஷன்யா நீங்க? அடியில கல்லு மாதிரி இறுகிப் போயிருக்குமே.”

“அப்படித்தான் சார் ஆயிட்டா. முகம் குடுத்தே பேச மாட்டேங்கிறா.”

அப்போதுதான் அவருக்கு விளங்கியது. ஆனாலும் போனை வைக்க மனம் வரவில்லை. “இன்னைக்கு நீங்களே பாத்திரம் தேய்ங்க தம்பி, சரியாப் போகும்,” என்று சொல்லி வைத்தார். சாயங்காலம் அந்த ஆள் நன்றி சொல்லக் கூப்பிட்டான். அதற்குக் காசு கேட்க முடியுமா என்று டிரைவர் கேட்டார். டிரைவருக்கும் பம்புக்காரருக்கும் அந்த வாரம் முழுக்க வேலையில்லை. லாரியின் நிழலில் படுத்துக் கிடந்தார்கள். ஊரில் டேங்குகள் நிறையாமலா இருக்கும்? டேங்க் நிறைந்தவர்கள் நாறுகிற வார்த்தையைப் போட்டே தேடினார்கள். அந்த வார்த்தையில் இவர் இல்லை.

“ஞாயித்துக்கெழமை போகட்டும்,” என்றாள் மனைவி. “அப்புறம் எதை வேணா போட்டுக்கங்க.”

ஞாயிறு காலை லாரியை ஓட்டிக்கொண்டு போய், தெரிந்தவரின் செங்கல் கிடங்குக்குப் பின்னால் மறைத்து வைத்தார்கள். அது நின்ற இடத்தில் மனைவி இரண்டு வாளி தண்ணீர் ஊற்றி, மேலே பூந்தொட்டிகளை வரிசையாக வைத்தாள்.

பையன், அப்பா, அம்மா, அப்பாவின் அக்கா என்று நாலு பேர் வந்தார்கள். பையன் போட்டோவில் இருந்தபடியே அசடு வழியச் சிரித்தான். மகளும் அவனும் பால்கனியில் போய்ப் பேசினார்கள். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து இரண்டு சிரிப்புச் சத்தம் கேட்டது. மனைவிக்குப் பாதி உயிர் வந்தது.

பையனின் அப்பா டீயை உறிஞ்சிவிட்டு மெதுவாக ஆரம்பித்தார். “தரகர் சொன்னாரு, உங்களுக்கு ஏதோ லாரித் தொழில்னு.”

“அதெல்லாம் அப்போங்க,” என்று முந்திக்கொண்டாள் மனைவி.

“அப்போன்னா?”

“விட்டாச்சு.”

“நாங்களும் தேடிப் பாத்தோம். வேற என்னமோ வந்துச்சு. அதான் நேர்ல கேக்கலாம்னு.”

“இப்ப நம்மது வந்து...” என்று தொடங்கிய லாரிக்காரருக்கு, கடைசியாக எந்த வார்த்தை போட்டார்கள் என்பது மறந்துபோனது. மச்சானைப் பார்த்தார்.

“குடும்ப நிம்மதி,” என்றான் மச்சான்.

“அப்ப லாரி?”

“வித்தாச்சு.”

“பம்பு?”

“அதையுந்தான்.”

பையனின் அப்பா தன் மனைவியைப் பார்த்தார். அந்தம்மா தரையைப் பார்த்தாள். “அந்தத் தொழில்ல தெரிஞ்சவங்க யாராச்சும்?”

“சேச்சே,” என்றார் லாரிக்காரர். “அந்தப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்கறதில்லீங்க.”

சோறு போட்ட லாரி செங்கல் கிடங்கில் வெயிலில் நின்றுகொண்டிருந்தது. ஆனால் பால்கனியில் மகள் சிரித்தாள். இதற்காக இன்னும் பத்து பொய்கூடச் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டார்.

பையனின் அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். பாதி டீ அப்படியே இருந்தது. “அப்ப, வீட்ல கலந்து பேசிட்டுச் சொல்றோங்க.”

முந்தைய இரண்டு இடமும் சொல்லிவிட்டுப் போன அதே பேச்சு. மனைவியின் முகம் செத்துப்போனது. “எல்லாத்தையும் கழுவிட்டமே, இன்னும் எங்கேங்க நாறுது?” என்று அவர் காதில் கேட்டாள்.

வழியனுப்ப வேண்டுமே என்று லாரிக்காரர் அவர்கள் பின்னால் படியிறங்கினார். பையன் திரும்பித் திரும்பிப் பால்கனியைப் பார்த்துக்கொண்டே போனான். வந்ததிலிருந்து வாயே திறக்காமல் பிஸ்கட் தின்றுகொண்டிருந்த பையனின் அத்தைக்காரி, பின்னால் ஆள் வருவதைக் கவனிக்காமல் தம்பியின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“மூஞ்சியத் தூக்கி வச்சுக்காதடா, ஹாஸ்டல் டேங்க் வாராவாரம் பொங்குதேன்னுதானே இந்தச் சம்பந்தத்துக்கே கெளம்பி வந்தோம், தரகருக்குப் போனைப் போட்டு, கக்கூஸ் லாரி ஓடுற வேற வீட்டுப் பொண்ணாத் தேடச் சொல்லு.”