மாற்றலுக்கு எந்த மென்பொருள்?

அன்பு மனைவிக்கு,

உன் வீட்டுக்காரன் எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. சமையலைப் பற்றி மட்டும் கேட்காதே. நீயும் உன் வார்டு நோயாளிகளும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். போன் செய்தால், அறைத்தோழி பக்கத்தில் இருக்கிறாள் என்று நீ 'ம்' மட்டும் கொட்டுகிறாய். அதனால்தான் கடிதம்.

நீ இருக்கும் ஊர்க் கிளைக்கு மாற்றல் கேட்டிருந்தேன் அல்லவா, மேனேஜர் கூப்பிட்டு, "அங்க பார்சல் தேங்கிக் கெடக்குது. நீங்க போனா எப்படிச் சரிபண்ணுவீங்கன்னு மீட்டிங்ல கம்ப்யூட்டர்ல போட்டுக் காட்டுங்க, பாப்போம்" என்று சொல்லிவிட்டார், எனக்கோ பார்சல் எண்ணைத் தட்டுவதைத் தவிர கம்ப்யூட்டரில் ஒன்றும் தெரியாது, சரி என்று விற்பனைப் பிரிவு மாப்பிள்ளையிடம் கேட்டேன் (பேரனே எடுத்துவிட்டார், 'மாப்பிள்ளை' என்பது உடுப்பைப் பார்த்து நாங்கள் வைத்த பெயர்). அவர், "ஸ்லைடு பண்ற மென்பொருள் எடுங்க. அழகா இருந்தாத்தான் நிமிந்து பாப்பாங்க" என்றார். லாரி ரிப்பேர் பிரிவு என்ஜினியர் அம்மாவோ, "அழகை வச்சு என்ன பண்ணப் போறீங்க? சரக்கு எங்கேருந்து எங்க போகுதுன்னு தெரியணும். கட்டமும் அம்புக்குறியும் போடற மென்பொருள்தான் சரி" என்றார்.

முதலில் ஸ்லைடு. பின்னால் ஓர் ஏரிப் படம், அதன்மேல் எழுத்துகள் பறந்து வரும்படி செய்தேன். 'தாமதம்' என்ற சொல் சுற்றிச் சுற்றி வந்து சேர்வதற்குள் எனக்கே கொட்டாவி வந்துவிட்டது. மாப்பிள்ளை கைதட்டினார், அது எந்த ஏரி என்று கேட்டார், பார்சலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்து அம்புக்குறி. என்ஜினியர் அம்மா பார்த்துவிட்டு, "சார், இந்த அம்பு திரும்ப மொதல் கட்டத்துக்கே போகுது. உங்க பார்சல் கெடங்க விட்டு வெளியவே போகாது" என்றார். திருத்தினேன்.

கை பழகட்டும் என்று நம் வீட்டுக்கு ஒரு கட்டமும் உன் அறைக்கு ஒரு கட்டமும் போட்டு, நடுவே ஒரு கோடு இழுத்தேன். உன் கட்டத்தை எவ்வளவு தூரம் தள்ளினாலும் கோடு நீள்கிறதே தவிர அறுவதில்லை. அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு இது ஆபீஸ் கம்ப்யூட்டர் ஆயிற்றே என்று அழித்துவிட்டேன்.

கடைசியில் அம்புக்குறிதான் என்று முடிவு செய்திருக்கிறேன். சரக்கு போகும் வழியைச் சொல்ல அதுதான் தோது. ஆனால் அந்த இடத்தைக் கேட்டு இன்னும் பலர் நிற்கிறார்கள். நீ ஆசையை வளர்த்துக்கொள்ளாதே. விடுதி அறையை இன்னொரு வருடத்துக்கு எழுதி வாங்கிக்கொள். நைட் டியூட்டி முடிந்து வந்து சாப்பிடாமல் படுக்காதே. எப்படியும் இதைப் படிக்கப்போகும் அறைத்தோழிக்கும் என் விசாரிப்பு.

உன் நினைப்பிலேயே இருக்கும்,
உன்னவன்.

பி.கு: உறையை ஒட்டுவதற்குள் மேனேஜர் என் மேசைக்கே வந்தார். "ஆமா, எதுக்கு அந்த ஊருதான் வேணும்னு நிக்கறீங்க?" என்றார். "வீட்டுல அங்க நர்ஸா இருக்காங்க சார். தனியா இருக்க முடியல" என்றேன். அவர், "இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல" என்று உள்ளே போய் என் மாற்றல் மனுவில் கையெழுத்துப் போட்டுவிட்டார். மேலே எழுதியதையெல்லாம் விட்டுவிடு. வீடு பார்.