ஐந்து கண்டத்து அறிஞர்களும் ஒரு பட்டாணி சூப்பும்

நெதர்லாந்தின் க்ரோனிங்கன் நகரில் அன்று நல்ல மழை. ஆனாலும் அந்த வாடகை மண்டபத்தின் வாசலில் சைக்கிள் நிறுத்த இடமில்லை. டாக்டர் ஃபோல்கர்ட் வந்திருக்கிறாரே! எதற்கு டாக்டர் என்று கேட்டுவிடாதீர்கள். பக்தர்களான மாணவர்களும் பெற்றோரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

அவர் நிகழ்த்தும் அற்புதம் இதுதான். இளநிலை மாணவர் எழுதிய ஆய்வுக் கட்டுரையை மேசைமேல் வைத்து, அதன்மேல் உள்ளங்கையைப் பதித்துக் கண்ணை மூடுவார். கட்டுரையைப் படித்துத் தீர்ப்புச் சொல்ல ஐந்து கண்டங்களிலும் இருக்கும் ஐந்து மதிப்பீட்டாளர்களின் மனம் அவருக்குத் தெரிந்துவிடுமாம். கண்ணைத் திறந்ததும் “ஏற்கப்பட்டது!” என்பார். அவர் நடத்தும் ‘உலக இளம் அறிஞர் ஆய்விதழி’ல் கட்டுரை வந்துவிடும். மற்ற இதழ்களில் மாதக்கணக்கில் இழுக்கிற வேலை, இங்கே ஒரு கொட்டாவி விடும் நேரத்தில் முடிந்தது. கட்டணம் உண்டு. ஐந்து கண்டத்துக்குத் தபால் செலவு ஆகாதா, பாவம்! மனத்தோடு மனம் பேசுவதற்குத் தபால் எதற்கு என்று கேட்டால் நீங்கள் நாத்திகர்.

விரதம் ஒன்றே ஒன்றுதான். ஏற்கப்படும்வரை கட்டுரையைப் பேராசிரியரிடம் காட்டக் கூடாது. கண் பட்டுவிடும்! தேவாலயத்தைப் புத்தகக் கடையாக்கிவிட்டுப் பகுத்தறிவு பேசும் நாடு, கண்ணேறுக்கு மட்டும் பயந்தது.

வரிசையில் ஹிஸ்கெ நின்றாள். படகு வீடுகளின் நிழலில் கால்வாய்ப் பாசி எப்படி வளர்கிறது என்று ஓராண்டு முழங்கால் தண்ணீரில் நின்று அளந்தவள். முதுநிலைப் படிப்புக்கு மனு போடவேண்டும். அச்சில் ஒரு கட்டுரை இருந்தால் இடம் கிடைக்கும் என்று நம்பினாள். டாக்டரின் இதழில் வந்துவிட்டால் உரிமை முழுதும் அவருக்கு. வேறெந்த இதழும் பிறகு அதைத் தொடாது. ஓராண்டு உழைப்புக்கு அதுவே கடைசி வாசல்.

அவளோடு ஒரே வீட்டில் குடியிருக்கும் யெல்டெ புள்ளியியல் மாணவன். எதையும் சும்மா நம்புகிற வழக்கம் அவனுக்குக் கிடையாது. முந்தைய நாளே அவளிடம் மல்லுக்கு நின்றான்.

“ஏன்டி, பல்கலைக்கழகத்துலயே மாணவர் இதழ் இருக்கே. காசும் வாங்குறதில்ல. அங்க அனுப்பினா என்ன?”

“அவங்களா? என் வகுப்பு மரெய்க்கெ கட்டுரைய கிழி கிழின்னு கிழிச்சு அனுப்பிட்டாங்கடா. திரும்பத் திரும்பத் திருத்தச் சொல்றாங்களாம்.”

“கிழிச்சாங்கன்னா படிச்சிருக்காங்கன்னு அர்த்தம். இந்த ஆளு படிக்கிறானா?”

“அஞ்சு பேர் படிக்கிறாங்க!”

“அப்ப ஒண்ணு செய். உன் கட்டுரைல முதல் பக்கத்தை மட்டும் வை, அந்தச் சுருக்கம் இருக்கிற பக்கம். மிச்சத்துல எங்கம்மாவோட பட்டாணி சூப்பு செய்முறைய வைக்கிறேன். அஞ்சு பேருல ஒருத்தன் ‘என்னம்மா இது’ன்னு கேட்டுட்டா, உன் நிஜக் கட்டுரைய நானே கொண்டுபோய்க் கொடுத்து மன்னிப்புக் கேக்குறேன்.”

டாக்டர் கண்டுபிடித்துவிடுவார் என்ற உறுதியில்தான் அவள் ஒப்புக்கொண்டாள்.

அவள் முறை வந்தது. டாக்டர் முதல் பக்கத்தை ஒரு பார்வை பார்த்தார். அவருடைய ஞானக்கண் சுருக்கம் படிக்கிற அளவுக்குத்தான் திறக்கும். பிறகு கையை வைத்துக் கண்ணை மூடினார். கண்டுபிடித்துத் திட்டிவிட மாட்டாரா என்று ஹிஸ்கெ ஏங்கினாள்.

“பாசி... படகு வீடு... நிழல்... ஆகா! பிரேசில்ல ஒரு பெரியவர் அழறாரும்மா! மூணாம் பக்கத்துல நீ சொன்ன முறை இருக்கே, அதுல ஒரு எழுத்தைக்கூட மாத்தக் கூடாதுங்கிறார். ஏற்கப்பட்டது!”

மண்டபம் கைதட்டியது. ஹிஸ்கெவுக்கு அப்போதுதான் உறைத்தது. நிஜக் கட்டுரையைக் கொடுத்திருந்தாலும் ஒருவரும் படித்திருக்க மாட்டார்கள். அவமானமும் கோபமும் சேர்ந்து வந்தன.

“டாக்டர், அந்த மூணாம் பக்கத்தை நான் சத்தமாப் படிக்கட்டுமா?”

“வேண்டாம்மா, கண் பட்டுடும்.”

“படட்டும்.”

படித்தாள்: “உடைத்த பட்டாணியை இரவே ஊறவைக்கவும். பன்றிக்கால் போட்டு, லீக் வெங்காயத்தாளும் காரட்டும் நறுக்கிச் சேர்த்து, நட்ட கரண்டி சாயாமல் நிற்கும்வரை கொதிக்கவிடவும்.”

முன்வரிசையில் ஒரு தாய் எழுந்தார்.

“உடைச்ச பட்டாணிய எவளாவது ஊறவைப்பாளா? முழுப் பட்டாணியத்தான் ஊறவைக்கணும்!”

“செலரிக் கிழங்கு எங்க? அது இல்லாம என்ன சூப்பு?” என்றார் இன்னொருவர்.

“புகைபோட்ட சாசேஜையே காணோமே!”

“முதல் நாள் வச்சு மறுநாள் சுடவச்சாத்தான் கரண்டி நிக்கும். இதுகூடத் தெரியாதா?”

“எங்கம்மாவ எதுவும் சொல்லாதீங்க!” என்று பின்னாலிருந்து யெல்டெ கத்தினான்.

“நம்பிக்கையில்லாதவங்க சதி இது!” என்றார் டாக்டர்.

வரிசையில் நின்ற ஒரு தகப்பனார் விடவில்லை. “அது இருக்கட்டும் ஐயா. அந்த பிரேசில் பெரியவரைக் கூப்பிடுங்க. செலரிக் கிழங்கு இல்லாம எப்படி ஏத்துக்கிட்டார்னு நாலு வார்த்தை கேக்கணும்.”

சிரிப்பில் கூரை அதிர்ந்தது. டாக்டர் குடையைக்கூட எடுக்காமல் மழையில் இறங்கினார். ஐந்து கண்டங்களில் எந்தக் கண்டத்துக்குப் போனாரோ தெரியவில்லை.

ஹிஸ்கெ நிஜக் கட்டுரையை மாணவர் இதழுக்கு அனுப்பினாள். அவர்களும் கிழித்துத்தான் திருப்பினார்கள். “அளந்த நாளில் மழை பெய்ததா? எழுதவில்லையே” என்பது முதல் கேள்வி. அவள் முகம் சிவந்தது. ஆனால் கேள்வி நியாயமானது. மழையை அவள் குறிக்கவே இல்லை. பூட்ஸை மாட்டிக்கொண்டு மறுபடி கால்வாயில் இறங்கினாள். முதுநிலை இடம் அந்த ஆண்டு கிடைக்குமோ கிடைக்காதோ, அவள் எழுதியதைப் படிக்க ஆள் இருந்தது.

ஒரு பானை சூப்பைத் துருவித் துருவிக் கேட்கத் தெரிந்த கூட்டம் அது. பிள்ளைகளின் அறிவை விலைபேசியவனிடம் மட்டும் வாயைத் திறக்கவில்லை. வயிற்றுக்குள் போவதை மோந்து பார்க்கிற மூக்கு, மூளைக்குள் போவதையும் கொஞ்சம் மோந்து பார்த்தால் அறுந்தா விழுந்துவிடும்?